பிள்ளை மனசைத் திறந்தால் வகுப்பாசிரியர் அடுத்து என்ன செய்வது?

டஸ்டர் டீச்சர்

வணக்கம். டெல்டா பக்கம் ஓர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. இந்த வருஷம் ‘மாணவர் நலப் பொறுப்பு’ என்று இன்னொன்றையும் தலைமையாசிரியர் என் தலையில் கட்டிவிட்டார். அதற்காக ஒரு பீரியடுகூடக் குறைக்கவில்லை. பயிற்சி என்று கூப்பிட்டார்கள். பவர்பாயின்ட் ஓடியது, ‘அன்பாகப் பேசுங்கள்’ என்றார்கள், டீ கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள்.

என் வகுப்பில் ஒரு பையன். நன்றாகப் படிக்கிறவன். காலாண்டுக்குப் பிறகு தினமும் லேட். முதல் பீரியடிலேயே கண் சொருகுகிறது. நோட்டைத் திருத்தி வாங்க வந்தபோது என்னடா ஆச்சு என்று கேட்டேன். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க மிஸ், அப்பதான் சொல்வேன்” என்றான். அதற்குள் மணி அடித்துவிட்டது, அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். மதியம் வா என்றேன், வரவில்லை.

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவன் கேட்ட வாக்கைக் கொடுக்கலாமா? ஐம்பது பிள்ளை உள்ள வகுப்பில் யாருக்கு என்ன கஷ்டம் என்று ஒருத்தி எப்படிக் கண்டுபிடிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கிரவுண்டு சார்

டீச்சர், கோபித்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகளோடு பேச நேரமில்லை என்கிற கணக்கு டீச்சர்கள்தான் டிசம்பர் பிறந்தால் “போர்ஷன் முடிக்கணும், உங்க பீரியடைக் கொஞ்சம் கொடுங்க சார்” என்று வந்து நிற்பார்கள். பத்தாம் வகுப்புப் பையன் தானாக வாயைத் திறக்கிற இடம் மைதானம். அதையும் எடுத்துக்கொண்டு அப்புறம் ‘மாணவர் நலம்’ என்று தனியாக ஒரு பொறுப்பு போடுகிறார்கள்.

எதிரில் உட்காரவைத்து ‘சொல்லு’ என்றால் ஒருத்தனும் சொல்ல மாட்டான். வாலிபால் நெட் கட்டும்போது கம்பத்துக்கு அந்தப் பக்கம் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடிச்சைப் பார்த்தபடியே சொல்வான். என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? நானும் முடிச்சுப் போட்டுக்கொண்டே ‘ம்’ கொட்டுவேன். அவ்வளவுதான் என் ஆலோசனை மையம்.

இன்னொன்று. தூங்குகிற பிள்ளையிடம் மனசைப் பற்றி விசாரிக்கும் முன்னால் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மதியச் சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். பதினொன்றுக்குப் போனால் அதுவும் இல்லை. வளர்கிற வயசில்தான் தட்டு காலியாகிறது. பெண் பிள்ளைகள் என்றால் ரத்தசோகையையும் பார்க்க வேண்டும். வாராவாரம் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி ஜன்னல் வழியாக எறிகிற கூட்டம் எங்கள் பள்ளியிலேயே உண்டு.

நடுவெயில்

டீச்சர் கேட்டதற்கு நேராக வருகிறேன். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஒன்றில் ஆற்றுப்படுத்துநராக, அதாவது கவுன்சிலராக, இருந்தவன் நான்.

‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்ற வாக்கைக் கொடுக்காதீர்கள். அவன் சொல்லப்போவது என்ன என்று உங்களுக்குத் தெரியாது. அது பாலியல் தொந்தரவாக இருந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்துகொண்ட யாராக இருந்தாலும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது 21ஆம் பிரிவில் குற்றம். ‘பள்ளிப் பேர் கெட்டுவிடும், நாமே பேசி முடித்துக்கொள்வோம்’ என்று நிர்வாகம் சொன்னாலும் உங்கள் கடமை போகாது.

வாக்குக்குப் பதிலாக நான் சொல்கிறது இது: “நீ சொல்றதை ஸ்டாஃப் ரூம்ல பேச மாட்டேன். உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா மட்டும், உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும். அப்பவும் யார்கிட்ட சொல்றேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிடுவேன்.” இதைக் கேட்டு எழுந்து போகிற பிள்ளை குறைவு. பொய்யான வாக்கை விட இந்த அரை வாக்கை அவர்கள் நம்புகிறார்கள்.

சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே போகாதீர்கள். அப்படியா நடந்தது, இப்படியா நடந்தது என்று நாமே வார்த்தையை எடுத்துக்கொடுக்கக் கூடாது. அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதிவையுங்கள். நீங்கள் கேட்டது, பிறகு தலைமையாசிரியர் கேட்டது, அப்புறம் தாளாளர் கேட்டது என்று ஒரே கதையை நாலு அறையில் சொல்லவைப்பது பெரிய கொடுமை.

பழைய ஹெட்மாஸ்டர்

தம்பி சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் டீச்சரம்மா, ஆற்றுப்படுத்துவது ஆசிரியர் வேலை இல்லை. நம்மால் ஐந்து நிமிஷம் அறிவுரை சொல்லாமல் இருக்க முடியுமா? பிள்ளை ஒரு வரி சொன்னால் நாம் ஒன்பது வரி சொல்வோம். ‘உன் வயசில் நான் தெருவிளக்கில் படித்தேன்’ என்று ஆரம்பித்தால் அவன் கதவைச் சாத்திக்கொள்வான்.

அதைவிடப் பெரிய விஷயம் ஸ்டாஃப் ரூம். இரண்டாம் பீரியடில் ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னது இடைவேளையில் வடையோடு பரிமாறப்படுகிறது. மூன்றாம் பீரியடில் இன்னொரு ஆசிரியர் அவளைப் பார்த்து ‘என்னம்மா, வீட்டில் எல்லாம் சரியாயிடுச்சா?’ என்று வகுப்பு நடுவில் கேட்கிறார். நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்! அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எந்த டீச்சரிடம் பேசும்?

‘மாணவர் மனசு’ என்று புகார்ப் பெட்டி வைக்கச் சொன்னார்கள். நல்ல ஏற்பாடு. நான் போன பள்ளிகளில் அது தலைமையாசிரியர் அறை வாசலில், சிசிடிவிக்கு நேர் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதில் யார் சீட்டுப் போடுவான்? தண்ணீர்க் குழாய்ப் பக்கம், கூட்டம் கலைந்து போகிற இடத்தில் மாட்டச் சொன்னேன்.

பொறுப்பை ஆசிரியர் தலையில் வைத்தால் கல்வி மேலாண்மைத் தகவல் (எமிஸ்) பதிவையாவது வேறு யாரிடமாவது கொடுக்க வேண்டும். எமிஸில் விவரம் ஏற்றவே மாலை நாலரை ஆகிறது.

ஸ்ட்ரிக்ட் அப்பா

இந்தக் காலப் பிள்ளைகளுக்கு ஒரு நோயும் இல்லை. போனைப் பிடுங்கிவையுங்கள், எல்லாம் சரியாகும். எங்கள் காலத்தில் கவுன்சிலிங்கா இருந்தது? பிரம்புதான் இருந்தது.

கடைசி பெஞ்ச்

சார், பிரம்புக் காலத்திலும் பள்ளியை விட்டு ஓடிப்போனவர்கள் இருந்தார்கள். அவர்கள் இந்த இழைக்கு வந்து பேச மாட்டார்கள், அவ்வளவுதான். அப்புறம், கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியையும் தடை செய்கிறது, மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2009இல் வந்த சட்டம்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது என் அப்பா குடித்துவிட்டுப் பள்ளி வாசலுக்கே வந்து கத்துவார். எந்த ஆசிரியரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தெரியாத மாதிரி இருந்தார்கள். கேட்டது சத்துணவு அக்கா. அவரும் எதுவும் விசாரிக்கவில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு முட்டைத் தோலைக் கூடையில் அள்ளிப்போட என்னைக் கூப்பிடுவார். அந்த நேரத்தில் ஒரு முட்டை கூடுதலாகத் தட்டில் விழும். “ராத்திரி தூங்கினியாடா?” என்று மட்டும் கேட்பார். தூங்கவில்லை என்றால் பாத்திரம் வைக்கிற அறையில் மணி அடிக்கும்வரை படுக்கவிடுவார்.

அவர் என்னை நம்பி அந்த வேலையைக் கொடுத்தார் என்பதுதான் எனக்கு அப்போது பெரிசாக இருந்தது. டீச்சர், உங்கள் பையன் உங்களிடம் வராமல் வேறு யாரிடமோ ஏற்கெனவே சொல்லியிருக்கலாம். வாட்ச்மேன், சத்துணவு அக்கா, லேப் அண்ணன், இவர்களை விட்டுவிட்டு ‘நலக்குழு’ போடாதீர்கள்.

கோவை அம்மா

பெற்றோர் தரப்பில் நான் ஒன்று சொல்கிறேன். என் மகள் படிக்கிற தனியார் பள்ளியில் ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மதிப்பெண் பட்டியல் வரும். கடைசி ஐந்து பேருக்குச் சிவப்புக் கட்டம். அதே பள்ளியில் கவுன்சிலர் மேடமும் இருக்கிறார், அறையில் ஏசியும் இருக்கிறது. பிள்ளையைக் கீறிவிட்டு பிளாஸ்திரி விற்கிறார்களா என்று கேட்டேன். “நீங்கள் ஒருத்தர்தான் மேடம் கம்ப்ளெயின்ட் செய்கிறீர்கள்” என்றார்கள்.

மகள் இப்போது ‘எதுக்கும்மா இதெல்லாம்’ என்று பேச ஆரம்பித்திருக்கிறாள். பயமாக இருக்கிறது. நேரடியாகக் கேட்கலாமா, கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாக ஆகுமா?

நடுவெயில்

கேளுங்கள் அக்கா, இன்றைக்கே கேளுங்கள். “உயிரோட இருக்க வேண்டாம்னு எப்பவாவது தோணுதா?” என்று சுற்றி வளைக்காமல் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஏற்கெனவே இருந்தால், சொல்வதற்கு ஓர் ஆள் கிடைத்தது என்ற ஆறுதல்தான் வரும். ‘பைத்தியம் மாதிரிப் பேசாதே’, ‘எங்களை நினைத்துப் பார்த்தாயா’ இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடாதீர்கள். 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் வருகிற மருத்துவரை அங்கே பார்க்கலாம். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து வீட்டுக்குள்ளேயே மூடிவைக்கிறவர்கள் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கக் கூடாது என்கிறது. தயங்காமல் போங்கள்.

பள்ளியிடம் காட்ட ஒரு தீர்ப்பு சொல்கிறேன். ஆந்திராவில் நீட் பயிற்சிக்குப் படித்த ஒரு மாணவியின் மரண வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் கொடுத்தது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கிற கல்வி நிறுவனம் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். மதிப்பெண் பார்த்துப் பிரிவு பிரிப்பதையும் பலர் முன்னால் அவமானப்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும். தனிச் சட்டம் வரும்வரை இதுதான் சட்டம். சிவப்புக் கட்டம் எதில் சேரும் என்று அவர்களையே கேளுங்கள்.

தாமிரபரணி

இவ்வளவு பேசியாயிற்று, சாதி என்ற வார்த்தை ஒருமுறைகூட வரவில்லை. எங்கள் தென் மாவட்டப் பள்ளிகளில் பிள்ளையின் மனசில் என்ன இருக்கிறது என்பதை மணிக்கட்டில் இருக்கிற கயிற்றின் நிறம் சொல்லும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சக மாணவர்கள் சாதியை வைத்துத் தொந்தரவு கொடுத்ததால் பையன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று விசாரித்தார்கள், சொன்னான். அதன் பிறகுதான் வீடு புகுந்து அவனையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். கேட்பதும் சொல்வதும் நல்லதுதான், சரி. சொன்ன பிள்ளை சாயங்காலம் எந்த வழியாக, யாரோடு வீட்டுக்குப் போகும் என்று யோசிக்காத ‘நலம்’ ஆபத்தானது.

அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும், ஐந்நூறு மாணவர்களுக்கு மேல் இருக்கிற உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் என்று முழுநேர ஆளைப் போட வேண்டும் என்று சொன்னது. எனக்கு அந்தப் பரிந்துரை மிக முக்கியமாகப் படுகிறது. நல அலுவலர் மதிப்பெண் போட மாட்டார், போர்ஷன் முடிக்க மாட்டார். உள்ளூர்த் தெருக் கணக்கில் சிக்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. கணக்கு டீச்சர் தலையில் கூடுதல் பொறுப்பைக் கட்டுவது அந்த வேலைக்கு மாற்று ஆகாது.

பழைய ஹெட்மாஸ்டர்

தாமிரபரணி சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் நிலை என்ன என்றால், பாட ஆசிரியர் பணியிடமே பல இடத்தில் காலி. நல அலுவலர் வரும்வரை பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள். 2024இல் மகிழ் முற்றம் வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழு, வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரே குழுவில். அதைப் போட்டிக்கும் பரிசுக்கும் மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். குழுவின் பொறுப்பாசிரியர் பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்குப் பாடம் எடுக்காதவராக இருப்பார். மார்க் போடாத ஓர் ஆசிரியர்! கையில் இருக்கிற ஏற்பாட்டையே ஒழுங்காகப் பயன்படுத்தலாம்.

யாழ் வாசகி

யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறேன். எங்கட பாடசாலைகளில் ‘ஆலோசனையும் வழிகாட்டலும்’ என்று ஓர் ஆசிரியருக்குப் பொறுப்பு இருக்கும். அவவுக்கும் உங்கட மாதிரித்தான், வேறு பாடமும் தலையில். பள்ளி விட்டதும் பிள்ளைகள் ரியூஷனுக்கு ஓடிவிடுவார்கள், பின்னேரம் முழுக்க அங்கேதான். ஒரு பிள்ளை வாடிப்போனதை ரியூஷன் சேர் எங்களுக்கு முன்னமே கண்டுவிடுவார். அவரோடு நாங்கள் கதைக்கிறதே இல்லை.

எனக்குப் பெரிய கவலை உயர்தரம் (உங்கட பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி) எழுதி முதல் தரம் சரிவராத பிள்ளைகள். மூன்று தரம் எழுதலாம். ஆனால் அடுத்த தரங்களில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக வீட்டில் இருந்து படிக்கிற பிள்ளைக்கு வகுப்பாசிரியர் இல்லை, அதிபர் (உங்கட தலைமையாசிரியர்) இல்லை, ஒருத்தரும் இல்லை. கலியாண வீட்டுக்குப் போனால் ‘ரிசல்ட் என்ன’ என்று ஊரே கேட்கும். இங்கே 1926 மனநல உதவிக்கு, 1929 சிறுவர் பாதுகாப்புக்கு. பள்ளியை விட்டு வெளியே போன பிள்ளையிடம் அந்த இலக்கத்தை ஆர் கொடுக்கிறது? உங்கட பக்கம் தோல்வியடைந்த பிள்ளைகளை ஆர் பார்க்கிறார்கள்?

கிரவுண்டு சார்

நல்ல கேள்வி. நேர்மையாகச் சொன்னால் யாரும் பார்ப்பதில்லை. எங்கள் பொதுத்தேர்வு முடிவு மே மாதம் வரும். 2025இல் பன்னிரண்டாவது 8ஆம் தேதி, பத்தாவது 16ஆம் தேதி. அப்போது பள்ளி பூட்டிக்கிடக்கும், டீச்சர்கள் லீவில் ஊருக்குப் போயிருப்பார்கள், கவுன்சிலிங் அறைக்குப் பூட்டு. வருஷத்திலேயே பிள்ளைக்கு ஆள் தேவைப்படுகிற நாளில் ஆள் கிடையாது. 2017இலிருந்து மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள், அது பெரிய நிம்மதி. ஆனால் பள்ளி வாசல் ஃபிளெக்ஸ் நிற்கவில்லையே.

எங்கள் பள்ளியில் சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆட்டம் காண்கிற பிள்ளைகள் யார் என்று மார்ச்சிலேயே தெரியும். ஆளுக்குச் சில பேரைப் பிரித்துக்கொள்வோம். முடிவு வரும் காலையில் முதலிடத்துக்காரருக்கு முன்னால் அவர்களுக்குத்தான் போன். “பார்த்தியா? சாப்பிட்டியா? வீட்ல யார் இருக்காங்க?” போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, இன்றைக்குத் திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள், துணைத் தேர்வு எழுதி இந்த வருஷமே பதினொன்றில் சேர்ந்துவிடலாம் என்று சொல்வோம். எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பையனை சைக்கிளில் அனுப்புவோம்.

கோவை அம்மா

நடுவெயில் தம்பி, நேற்று ராத்திரி கேட்டேன். அழுதாள். எண்ணம் வந்து வந்து போவதாகச் சொன்னாள். இருவரும் சேர்ந்து 14416க்குப் பேசினோம். நாளை மருத்துவமனைக்குப் போகிறோம். பள்ளிக் குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன், மற்ற சண்டை அப்புறம்.

டஸ்டர் டீச்சர்

கோவை அம்மா, படித்ததும் உடம்பு ஒருமாதிரி ஆகிவிட்டது. நீங்கள் கேட்டது ரொம்ப நல்லதாகப் போயிற்று.

என் பக்கம் நடந்தது: கிரவுண்டு சார் சொன்னபடி எதிரில் உட்காரவைக்காமல், பரீட்சைத் தாள் கட்டு அடுக்கக் கூப்பிட்டேன். நடுவெயில் எழுதிக்கொடுத்த அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் கட்டிலேயே கண்ணை வைத்திருந்தவன், பிறகு சொன்னான். அப்பாவுக்கு விபத்தாகி இடுப்பு எலும்பு போய்ப் படுக்கையில். இவன் விடியற்காலையில் ஒரு வேலைக்குப் போய்விட்டு நேராகப் பள்ளிக்கு வருகிறான். பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்பதுதான் அவன் மறைத்த ரகசியம். தலைமையாசிரியரிடம் மட்டும் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறான். இங்கே எழுதவும் அவனிடம் கேட்டேன், ‘பேர் இல்லாம எழுதுங்க மிஸ்’ என்றான்.

எட்டரை மணி ஸ்பெஷல் கிளாஸிலிருந்து அவனுக்கு விலக்கு வாங்கிவிட்டேன். வாரம் ஒரு பீரியடாவது எனக்கு விடுங்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்கிறார். ஆனால் இந்தப் பையனுக்கு ஆறுதல் பேசி என்ன ஆகப்போகிறது? வீட்டில் காசு இல்லை.

நடுவெயில்

இருக்கிறது டீச்சர், வழி இருக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் நிதி ஆதரவு என்று ஒன்று உண்டு, பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். விதவைத் தாயின் பிள்ளைக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பெற்றோர் விபத்தாலோ நோயாலோ பிள்ளையைக் கவனிக்க முடியாத நிலையில் இருந்தாலும் கேட்கலாம். குடும்ப வருமானம் கிராமம் என்றால் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுங்கள், குழந்தைகள் நலக்குழு வழியாகப் போகும். உடனே பணம் வந்துவிடாது. வீட்டு விசாரணைக்கு ஆள் வருவார்கள், அதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

டஸ்டர் டீச்சர்

இது எனக்குத் தெரியவே தெரியாது. பயிற்சியிலும் சொல்லவில்லை. என்னென்ன காகிதம் வேண்டும்?

நடுவெயில்

பையன், பெற்றோர் ஆதார், குடும்ப அட்டை, பள்ளியிலிருந்து படிப்புச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம், வருமானச் சான்று, அப்பாவின் மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், அதில்தான் நாள் போகும். அதை முதலில் போடுங்கள்.

கிரவுண்டு சார்

நான் தஞ்சாவூர் பக்கம்தான். உங்கள் ஊரும் அங்கேதான் என்றால் தனிச் செய்தி அனுப்புங்கள் டீச்சர், அலுவலகத்துக்கு நான் கூட வருகிறேன். பதிலுக்கு டிசம்பரில் என் பீரியடைக் கேட்கக் கூடாது.